வலது என்பது கீழே

கடல் இல்லாத நாட்டில்
நீர்மூழ்கி ஓட்டுகிறவர்கள் நாங்கள், பதினொரு பேர்.
ஹ்லின்ஸ்கோவில் கருங்கல் வெட்டி முடித்துக்
கைவிட்டுப்போன பள்ளத்தில் ஊற்று நிறைந்திருக்கிறது.
உப்பு இல்லை.
அதனால்தான் வானொலி அலை
அடிவரை இறங்கிப் போகிறது,
எங்கள் சொல்லைக் கேட்கிறது படகு.

நான் பல் செய்கிறவள்.
வாரம் முழுக்கப் பிறர் வாய்க்கான பீங்கான் கடைவாய்கள்.
முடியளவு உயர்ந்தாலும்
முதல் கடியில் தெரிந்துவிடும்.
அந்தக் கைதான் இதையும் இழைத்தது:
ஒரு மீட்டர் நாலு சென்டிமீட்டர்,
சாம்பல் நிறம்,
முதுகில் கோபுரம்.

நேராகப் போகையில் குறை ஒன்றுமில்லை.
மேலே வைத்த காசு நகராது.

மூன்றாவது மிதவை, மஞ்சள் கேன்.
முழு வேகத்தில் வலப்பக்கம் சுக்கானை ஒடித்தேன்.
கோபுரம் தண்ணீரில் இடறி
உள்வாட்டமாகச் சாய்ந்தது படகு.
சாய்ந்தபின் அதற்கு
வலது என்பது கீழே.
நான் திரும்பு என்றேன்,
அது இறங்கியது.
மூக்கு தாழ்கிறதே என்று பதறிய ஜைரோ
வால்சிறகை மேலே இழுத்தது.
மேலே என்பதோ இப்போது வலது.
இன்னும் இறுக்கித் திரும்பி,
இன்னும் இறங்கி...
நாங்கள் இருவரும் சரியாகத்தான் செய்தோம்,
நானும் அந்தப் பொறியும்.
நாலு குமிழி வந்தது.

லுமீர் ரப்பர் உடையில் குதித்தான். ஏழு டிகிரித் தண்ணீர்.
மூக்கு நிறையச் சேற்றோடு தூக்கி வந்து கொடுத்து,
'ரொட்டி மிச்சம் இருக்கா?' என்றான்.
கோபுரத்தை அறுத்துவிடு என்றான் போர்ஷெக்.
அறுத்துவிட்டால் அது சுருட்டு.

இரவு குளியல் தொட்டியில் மிதக்க விட்டேன்.
விரலால் கோபுரத்தைத் தள்ளினால்
உடனே நிமிர வேண்டும்.
நிமிரலாமா என்று யோசித்தது.
காதை வைத்துக் கேட்டேன். உள்ளே
பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர்
சாய்ந்த பக்கமே ஓடி
சாய்வோடு சேர்ந்துகொண்டிருந்தது.
நிறைகுடம் தளும்பாது,
யார் இல்லையென்றது?
ஆனால் முழுக்க நிறைத்தால்
என் படகு மேலே வராது.
கதவைத் தட்டினாள் தங்கை ஸ்லாவ்யெனா:
'அந்த மீனைக் கட்டிக்கொண்டது போதும்,
எனக்குக் காலையில் ஷிஃப்ட்.'

மறுநாள் வேலை முடிந்ததும் விளக்கை அணைக்கவில்லை.
தொட்டிக்குள் மூன்று தடுப்பு. கையில் இருந்தது
பல்செட்டுக்கு ஈறு வார்க்கும் பிசின்தான்.
இளஞ்சிவப்பு ஈறு முளைத்தது
போர்க்கப்பலின் வயிற்றில்.
நுரைப்பஞ்சை மேல்தளத்தின் அடிக்கு ஏற்றினேன்.
ஈயத்தை, கார்ச்சக்கரத்தில் ஒட்டும் அந்த வில்லைகளை,
அடிவயிற்றின் கடைசிக் கோட்டுக்கு இறக்கினேன்.
முப்பத்தைந்து டிகிரி ஒடிந்த சுக்கானுக்கு
இருபத்திரண்டோடு போதும் என்று
ஒரு திருகாணி.
அது மட்டும் வலித்தது. அகலத் திரும்புகிறவர்களை
கிழவிகள் என்று சிரித்தவள் நான்.

அடுத்த ஞாயிறு. மஞ்சள் கேன்.
தண்ணீரின் தோல் புடைத்து நகர்ந்தது.
திருப்பினேன்.
சாய்ந்தது,
சாயாமல் இருக்குமா,
கழுத்தை ஒருக்களித்து எதையோ கேட்பது போல.
பிறகு நிமிர்ந்து
நாலாவது மிதவைக்குப் போய்விட்டது.
பத்து முறை. பதினொன்றிலும்.

போர்ஷெக் எடுத்த படத்தில்
கோபுரம் செங்குத்தாக நிற்கிறது.
கரையில் நான், வலத்தோள் தாழ்ந்து,
ஒரு கால் தூக்கி,
விழப்போகிறவள் மாதிரி.

லுமீர் கழுத்துவரை ஜிப் போட்டுக் காத்திருந்தான்.
யாரும் மூழ்கவில்லை.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
சும்மாவே குதித்தான்.